மாதிரி ரயில்பாதை மூப்படைந்த வரலாறு

மாதிரி ரயில்களின் வரலாறு பெரும்பாலும் எஞ்சின்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எந்த எஞ்சினை வெளியிட்டது, அதற்கு எத்தனை சக்கரங்கள், எந்தச் சாயம் என்பதையெல்லாம் சேகரிப்பாளர்களுக்காகத் தொகுத்த தடித்த நூல்கள் உள்ளன. அந்த எஞ்சின் ஓடிய பாதை எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்பவருக்கு அந்நூல்களில் பதில் கிடைப்பது அரிது. ஆயினும் ஒரு மாதிரி ரயிலமைப்பின் முன் நிற்பவரின் கண்ணில் எஞ்சினைவிட அதிக இடத்தை நிரப்புவது பாதையே; எஞ்சின் ஒரு மூலையில் நிற்க, பாதை அறையின் நான்கு சுவரையும் சுற்றி ஓடுகிறது. அந்தப் பாதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொழிற்சாலைப் பளபளப்போடு ஏன் விடப்பட்டது, அதன்மேல் துருவும் எண்ணெய்க் கறையும் தூசியும் எப்போது, எதன் தூண்டுதலால் ஏற்றப்பட்டன என்பதை ஆராய்ந்தால், இந்தக் கலையை வளர்த்ததில் வண்ணக்குப்பிக்கு இருந்த பங்கைவிடக் கேமராவுக்கு இருந்த பங்கே பெரிது என்பது புலப்படும்.

வெயிலும் மழையும் புகையும் உழைப்பும் ஒரு பொருளின்மீது விட்டுச்செல்லும் அடையாளங்களை, புதிதாகச் செய்த மாதிரியின்மீது வண்ணத்தாலும் தூளாலும் உண்டாக்கும் வேலையை இக்கட்டுரை மூப்பேற்றல் என்று குறிக்கிறது. பெட்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் மூப்பேற்றுவதில் இல்லாத ஒரு சிக்கல் பாதையில் உண்டு. பெரும்பாலான மாதிரிகளில் தண்டவாளமே மின்கம்பி; எஞ்சினின் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தின் தலைப்பரப்பிலிருந்து சக்கரம் வழியாக ஏறுகிறது. ஆகவே தண்டவாளம் பார்வைக்குத் துருப்பிடித்ததாகவும் தொடுகைக்குத் துருவற்றதாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இந்த இரட்டைக் கடமையிலிருந்தே பாதை மூப்பேற்றலின் நுட்பங்களும் தாமதங்களும் பிடிவாதங்களும் தோன்றின.

தொடக்கக் காலத்துப் பாதை இந்தக் கடமைகளில் ஒன்றை மட்டுமே ஏற்றிருந்தது. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரைச் சேர்ந்த மார்க்லின் நிறுவனம் 1891ல் லைப்சிக் சந்தையில், துண்டு துண்டாக இணைத்து எட்டு வடிவில் அமைக்கக்கூடிய தகரப் பாதையை, வரையறுத்த கேஜ் அளவுகளோடு காட்சிக்கு வைத்தது. கேஜ் என்பது இரு தண்டவாளங்களின் உட்புறங்களுக்கு இடையிலான அகலம். அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கோவன் நிறுவிய லயனல் நிறுவனம் 1906ல், குழாய் போல வளைத்த தகரத் தண்டவாளங்கள் மூன்றைக் கொண்ட பாதையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவிலிருந்த மூன்றாவது தண்டவாளம் மின்சாரத்தைக் கொடுக்க, வெளித்தண்டவாளங்கள் இரண்டும் அதைத் திருப்பி அனுப்பின. ஒரு துண்டுப் பாதைக்குக் குறுக்கே மூன்று நான்கு தகரக் கட்டைகள் மட்டுமே இருந்தன, ஜல்லி இல்லை, நிலம் இல்லை. பாதை வீட்டுக் கம்பளத்தின்மேல் கிடந்தது. குழந்தையின் கையால் இணைத்துப் பிரித்துப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டிய பொருள் அது என்பதால், உறுதியும் மலிவும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

எனினும் பாதைக்கு ஒரு தோற்றம் வேண்டும் என்ற எண்ணம் பொம்மைக் காலத்திலேயே முளைவிட்டிருந்தது. 1935ல் மார்க்லின் வெளியிட்ட சிறிய அளவு ரயிலின் பாதை, இருபுறமும் சரிந்த தகர மேடைமீது அமைந்திருந்தது; அந்த மேடையில் ஜல்லியும் கட்டைகளும் வண்ண அச்சாகப் பதிக்கப்பட்டிருந்தன. பிஸ்கட் டப்பாவின் மூடியில் படம் அச்சிடும் அதே தொழில்நுட்பம்தான் அது என்றாலும், பாதை என்பது இரண்டு உலோகக் கோடுகள் மட்டுமல்ல, அவற்றைத் தாங்கும் கல்லும் மரமும் சேர்ந்தது என்பதை ஒரு பெரிய உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. மின்சாரம் தரும் நடுத்தண்டவாளம் மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் கார்கிரேவ்ஸ் நிறுவனம் அந்த நடுத்தண்டவாளத்தைக் கருமையாக்கி, மரக்கட்டைகளின் நிழலோடு நிழலாக மறைய வைத்தது. லயனல் 1957ல் கொண்டுவந்த சூப்பர் ஓ பாதை, நெருக்கமாக அடுக்கிய பழுப்புக் கட்டைகளுக்கு நடுவே மெல்லிய செம்புப் பட்டையை மட்டும் விட்டு அதே நோக்கத்தை வேறு வழியில் அடைய முயன்றது. பாதைக்கு நிறம் ஏற்றிய முதல் முயற்சிகள் இவ்வாறு ஒரு குறையை மறைக்கும் முயற்சிகளாகவே இருந்தன.

பொம்மையிலிருந்து மாதிரி பிரிந்தது 1930களில். அல் கால்ம்பாக் மில்வாக்கி நகரிலிருந்து ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழை 1934 ஜனவரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்நகரில் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் உருவாயிற்று. அளவுவிகிதம், அதாவது உண்மைப் பொருளை எத்தனை மடங்கு சிறிதாக்குவது என்ற கணக்கு, இந்த வட்டத்தில் ஓர் ஒழுக்கமாகவே மாறியது. உண்மையை 87ல் ஒன்றாகக் குறுக்கும் எச்.ஓ. அளவு, 16.5 மில்லிமீட்டர் கேஜோடு அமெரிக்காவிலும் ஐரோப்பியக் கண்டத்திலும் பரவியது. பிரிட்டனில் அதே கேஜின்மேல் 76ல் ஒன்றாகக் குறுக்கிய ஓ.ஓ. ரயில்கள் ஓடின. நடுத்தண்டவாளத்தை நீக்கி, இரு தண்டவாளங்களையும் ஒன்றுக்கொன்று மின்தொடர்பற்றவையாக்கும் இருதண்டவாள முறை நிலைபெற்றபோது, பாதை முதன்முறையாக உண்மைப் பாதையின் வடிவை எட்டியது. ஆர்வலர்கள் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, சாயம் ஊற்றி, பித்தளைத் தண்டவாளத்தைச் சிறிய ஆணிகளால் அறைந்து பாதை போட்டனர். கட்டைக்குச் சாயம் ஏற்றுவது அப்போதே வழக்கமாகியிருந்தது. தண்டவாளம் மட்டும் பித்தளை மஞ்சளாகவே மின்னிக்கொண்டிருந்தது. மின்சாரம் ஓடும் உலோகத்தில் வண்ணம் படக்கூடாது என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். பெரியவர்கள் நின்றபடி மேலிருந்து பார்த்ததால், வண்ணம் ஏற்றக்கூடிய ஒரே பகுதியான தண்டவாளத்தின் பக்கவாட்டுச் சுவர் அவர்கள் கண்ணில் அதிகம் படவில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணமே வலுவானது.

கேமரா அந்தப் பார்வைக்கோணத்தை மாற்றியது. மாதிரி ரயிலைப் படம் எடுப்பவர், அதை உண்மை ரயிலாகக் காட்ட விரும்பினால், சிறிய மனிதப் பொம்மை நிற்கும் உயரத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும். அந்த உயரத்தில் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கிவிட, தண்டவாளத்தின் பக்கச்சுவர் படத்தின் முன்பகுதியில் நீண்ட பட்டையாக எழுகிறது. முன்னும் பின்னும் ஒருங்கே தெளிவாகத் தெரிய வேண்டி லென்ஸின் துளையைச் சுருக்கி, வலிய விளக்கொளியில் நெடுநேரம் படம் பிடித்தால், பூசப்படாத உலோகம் அந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பி வெள்ளைக் கோடாகப் பதிகிறது. எஞ்சின் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தாலும் அந்த ஒரு வெள்ளைக் கோடு படத்தைப் பொம்மையாக்கிவிடும்.

கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் தொழில்முறைப் புகைப்படக்காரர் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1946ல் தொடங்கி அவர் கட்டிவளர்த்த கோரி அண்ட் டாபெட்டிட் என்னும் கற்பனை ரயில்பாதை, மலைகளும் பாலங்களும் தரையிலிருந்து கூரைவரை எழும் பெரிய அமைப்பாக வளர்ந்தது. அவருடைய படங்களும் கட்டுரைகளும் இதழ்கள் வழியாக ஒரு தலைமுறை ஆர்வலர்களைப் பயிற்றுவித்தன. கட்டடம், பெட்டி, எஞ்சின், பாதை எல்லாவற்றையும் ஒரே வெயிலில் கிடந்தவையாக அவர் மங்கச் செய்தார். புதிய சாயத்தோடு எதையும் விடாத அவருடைய போக்கை அக்காலத்தில் சிலர் மிகை என்று கருதினர், இன்றைய கண்ணுக்கும் அவருடைய நகரங்கள் சற்று அதிகமாகவே சிதைந்தவை. ஆனால் ஒரு காட்சியின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவு வயதுடையனவாக இருக்க வேண்டும் என்ற விதியை நிறுவியவர்களில் அவரே முதன்மையானவர். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே தீவிபத்து ஒன்று அந்த அமைப்பின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் படங்களே; அவருடைய பாதையின் நிறத்தைப் பிற்காலத்தார் கற்றதும் அந்தப் படங்களிலிருந்துதான்.

பிரிட்டனில் ஜான் அஹெர்ன் இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னரே மேடர் வேலி என்னும் சிறுபாதையைக் கட்டத் தொடங்கியிருந்தார். ரயிலையும் ஊரையும் ஒரே நிலக்காட்சியாகக் கண்ட முதல் மாதிரிகளில் அது ஒன்று. இப்போது ஆக்ஸ்போர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் ஊரிலுள்ள பெண்டன் அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்பட்டுள்ளது. ரோய் இங்கிலாந்து 1954ல் நிறுவிய அந்த அருங்காட்சியகம், இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஆங்கிலக் கிராமங்களையும் ரயிலையும் கூரை வைக்கோல்வரை அளந்து குறுக்கிக் காட்டுகிறது.

இவ்வளவு கவனத்தோடு பார்க்கத் தொடங்கியவர்கள் உண்மைப் பாதையில் எதைக் கண்டார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; மூப்பேற்றலின் முழு அறிவும் அங்கேதான் இருக்கிறது. உருக்காலையிலிருந்து வரும் புதுத் தண்டவாளம் நீலங்கலந்த கரும்படலத்தோடு வருகிறது. மழைபட்ட சில நாட்களில் அது ஆரஞ்சுத் துருவாக மாறி, ஆண்டுகள் செல்லச் செல்ல அடர்ந்த பழுப்பாகிறது. வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் சக்கரத்தில் உரசி உதிர்க்கும் இரும்புத்தூள், ரயில்கள் நிற்கும் இடங்களில் தண்டவாளம், கட்டை, ஜல்லி மூன்றின்மேலும் ஒரே பழுப்பாகப் படிகிறது. எஞ்சின் வழக்கமாக நிற்கும் இடத்தில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே எண்ணெய் சொட்டிய கரும்பட்டை நீள்கிறது. நிலையத்தைவிட்டுப் புறப்படும் இடத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க எஞ்சின் தூவிய மணல் வெளிறிக் கிடக்கிறது. கூரிய வளைவுகளில் தேய்மானம் குறைக்கப் பூசும் மசகு, தண்டவாளத்தின் உட்புறத்தைக் கருமையாக்குகிறது. அதிக ரயில் ஓடும் முதன்மைப் பாதையில் தலைப்பரப்பு வெள்ளியாக மின்ன, வாரம் ஒரு முறை சரக்குப் பெட்டி வந்துபோகும் கிளைப் பாதையில் அது மங்கிய பழுப்பாக இருக்கிறது. ஆகையால் தேர்ந்த கண்ணுடையவர் ரயில் எதுவும் வராத நேரத்திலும் பாதையின் நிறத்தை வைத்தே அதன் போக்குவரத்தைச் சொல்லிவிட முடியும்.

கட்டைகளின் நிறத்திலோ ஒரு தொழிலின் வரலாறே படிந்திருக்கிறது. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை மரத்துக்குள் அழுத்திச் செலுத்தும் முறைக்கு ஜான் பெத்தல் 1838ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் வில்லியம் பர்னெட் துத்தநாக குளோரைடைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காடுகள் மிகுந்திருந்த அமெரிக்காவில் மரத்தைப் பதப்படுத்துவதைவிடப் புது மரம் வெட்டுவது மலிவாக இருந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பெரும்பாலான கட்டைகள் பச்சையாகவே பாதையில் போடப்பட்டு, சில ஆண்டுகளில் மக்கி, மாற்றப்பட்டன. பிற்காலத்தில் ரைட் சகோதரர்களுக்கு விமானம் பற்றி ஆலோசனை கூறிய ஆக்டேவ் ஷனூட் ரயில்வே பொறியாளராகவும் இருந்தவர். அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்துக்காக மரப் பதப்படுத்தல் பற்றிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1885ல் அறிக்கை அளித்தார். எந்தக் கட்டை எந்த ஆண்டில் போடப்பட்டது என்பதை அறிய, தலையில் ஆண்டின் கடைசி இரு எண்கள் பொறித்த ஆணியைக் கட்டையில் அறையும் வழக்கத்தை வலியுறுத்தியவரும் அவரே. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கிரியோசோட் அமெரிக்காவெங்கும் பரவியது.

மாதிரி செய்பவருக்கு இதனால் விளையும் பயன் நேரடியானது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் கிளைப் பாதையைச் செய்பவர் கட்டைகளைக் கருப்பாக்கினால் அது காலப்பிழை. பதப்படுத்தாத மரம் வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கே வெளிறும். 1950ஆம் ஆண்டின் பாதையில் புதிய கட்டை கருமையாகவும், இருபது ஆண்டுக் கட்டை வெயிலில் வெளுத்துப் பிளந்தும் இருக்கும். மேலும் பாதைப் பராமரிப்புக் குழுவினர் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 3,000 என்ற கணக்கிலுள்ள கட்டைகளை ஒரே நேரத்தில் மாற்றுவதில்லை. மக்கியவற்றை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றுவர். அதனால்தான் உண்மைப் பாதையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் வெவ்வேறு நிறம் காட்டுகின்றன. கட்டைகளுக்கு நான்கைந்து வேறு நிறங்களை ஒழுங்கின்றித் தீட்டும் இன்றைய வழக்கம், அலங்கார விருப்பத்தால் தோன்றியது போலத் தெரிந்தாலும், பராமரிப்புக் குழுவின் வேலைமுறையையே படியெடுக்கிறது.

ஜல்லியும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே விஸ்கான்சினின் ராக் ஸ்பிரிங்ஸ் குவாரியிலிருந்து எடுத்த இளஞ்சிவப்புக் குவார்ட்சைட் கல்லைப் பரப்பியது. அந்த ரயில்வேயின் மாதிரியைச் சாம்பல் ஜல்லியால் செய்பவர், எஞ்சினுக்கு எவ்வளவு சரியான சாயம் அடித்தாலும், அந்த ஊரைச் செய்தவராக மாட்டார். பிரிட்டனில் லெஸ்டர்ஷயரின் மவுண்ட்சோரல் கல் செந்நிறம், டெவனின் மெல்டன் கல் சாம்பல் நிறம். நீராவி எஞ்சின்கள் கொட்டிய நிலக்கரிச் சாம்பலும் கரிக்கட்டியுமே பல யார்டுகளில் ஜல்லியாக இருந்தன. இவற்றைவிட வியப்பானது, தொடக்கக் கால பிரிட்டிஷ் பாதைகளில் ஜல்லியைக் கட்டைகளுக்கு மேலே நிரப்பி மூடிவிடும் வழக்கம் இருந்தது என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் செய்யும் ஒருவர், பாடுபட்டு நிறம் தீட்டிய கட்டைகளைக் கடைசியில் கல்லுக்கடியில் புதைக்க வேண்டியிருக்கும்.

இந்த அறிவு எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி மீண்டும் கேமராவிடமே கொண்டுசேர்க்கிறது. 1930களின் ரயில்வேயை நேரில் கண்டவர்களின் நினைவும், கருப்பு வெள்ளைப் படங்களும் மட்டுமே சான்றாக இருந்தவரை, பாதையின் நிறம் ஊகமாகவே இருந்தது. கருப்பு வெள்ளைப் படத்தில் துருவின் பழுப்பும் கிரியோசோட்டின் கருமையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழும். கோடாக் நிறுவனம் 1935ல் அறிமுகப்படுத்திய கோடாக்ரோம் வண்ணச்சுருள், அடுத்த ஆண்டு சாதாரணக் கேமராக்களுக்கும் வந்தபின், இந்நிலை மெல்ல மாறியது. அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்காக ஜாக் டெலானோ 1942 குளிர்காலத்தில் சிகாகோவின் யார்டுகளையும், 1943ல் அங்கிருந்து கலிபோர்னியா வரையிலான சாண்டா ஃபே பாதையையும் வண்ணத்தில் படம் பிடித்தார். நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படும் அந்தப் படங்களில் மனிதரும் எஞ்சினும் முன்னால் நிற்க, பின்னால் கரித்துகள் படிந்த இருண்ட யார்டு நிலம் கிடக்கிறது. டெலானோ அந்த நிலத்தைப் பதிவு செய்யப் போனவர் அல்லர். உழைப்பாளரைப் படம் பிடிக்கப் போனவர். ஆயினும் நீராவிக் காலத்துப் பாதை எந்த நிறம் என்று கேட்போருக்கு அவர் படத்தின் ஓரங்களைப் போல நம்பத்தக்க சாட்சி வேறு அதிகம் இல்லை.

பார்க்கும் பழக்கத்தை இழப்புணர்வும் கூர்மையாக்கியது. பிரிட்டனில் 1963ல் வெளியான பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. 1968 ஆகஸ்டில் அங்கே முதன்மைப் பாதைகளில் நீராவி முடிவுக்கு வந்தது. தண்டவாளம் பெயர்க்கப்படுமுன் ஒவ்வொரு சிறு நிலையத்தையும் அளந்து படம் பிடித்தவர்களில் மாதிரி செய்வோர் பலர் இருந்தனர். புல் முளைத்த பாதையையும் துருவேறிய தலைப்பரப்பையும் அவர்கள் தம் கண்ணெதிரே கண்டனர்.

இதே ஆண்டுகளில் பாதையின் வடிவமும் திருத்தப்பட்டது. ஓ.ஓ. அளவில் 16.5 மில்லிமீட்டர் கேஜ், உண்மையில் நான்கடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டிய அகலத்தை நான்கடி ஒன்றரை அங்குலமாகக் காட்டியது. இந்தக் குறுகல் பிடிக்காதவர்கள் 1955ல் ஈ.எம். கேஜ் சங்கத்தை அமைத்து 18 மில்லிமீட்டருக்குச் சென்றனர், 1966ல் புரோட்டோஃபோர் என்ற தரம் 18.83 மில்லிமீட்டர் என்று துல்லியத்தின் எல்லைக்கே சென்றது. அமெரிக்காவில் சிக்கல் தண்டவாளத்தின் உயரத்தில் இருந்தது. அங்கே கோட் என்ற எண் தண்டவாளத்தின் உயரத்தை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டுச் சொல்கிறது. நெடுங்காலம் பொதுவாக விற்ற கோட் 100 தண்டவாளம், எச்.ஓ. அளவில் எட்டே முக்கால் அங்குல உயரத்துக்குச் சமம். பென்சில்வேனியா ரயில்வே போட்ட மிகக் கனத்த தண்டவாளமே எட்டங்குலம்தான். 1980களில் பரவிய கோட் 83, ஏறத்தாழ ஏழேகால் அங்குலமாகி, பெரிய ரயில்வேக்களின் முதன்மைப் பாதைக்குப் பொருந்தியது. இங்கே ஒரு செய்தி அழுத்திச் சொல்லத்தக்கது: கோட் 100 தண்டவாளத்தின் பக்கங்களைப் பழுப்பாக்கிவிட்டால், மேலே எஞ்சும் மெல்லிய வெள்ளிக் கோட்டை மட்டுமே கண் தண்டவாளமாக எடுத்துக்கொள்வதால், அதன் மிகை உயரம் பெருமளவு மறைந்துவிடுகிறது. துல்லியமான பாதைக்குச் செலவழிக்க இயலாத எளிய ஆர்வலர் பலருக்குப் பழுப்புச் சாயமே துல்லியத்தின் இடத்தை நிரப்பியது. இந்த ஒன்றுக்காகவே பாதை மூப்பேற்றலை மாதிரிக் கலையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்புகளில் ஒன்றாகக் கருதலாம்.

சாயங்களைப் பொறுத்தவரை அமெரிக்காவில் ஃப்ளோக்வில் என்ற பெயர் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ரயில் நிறங்களுக்கென்றே செய்யப்பட்ட அந்தச் சாயம் மெல்லிய படலமாக உலர்ந்து, நுண்ணிய ஆணித்தலைகளையும் மூடாமல் காட்டியது. தண்டவாளப் பழுப்பு, துரு, அழுக்குக் கருப்பு என அதன் குப்பிகளின் பெயர்களே ஆர்வலரின் பேச்சு வழக்காகிவிட்டன. அதன் கரைப்பான் நெகிழியைத் தின்றது என்பதே அதன் குறை. மரமும் உலோகமும் மாதிரிப் பொருள்களாக இருந்தவரை அது பொருட்டாகவில்லை. நெகிழி பெருகியபோது, சாயத்துக்கு முன் பூசித் தடுக்கும் தனித் திரவத்தையும், பின்னர் நீரில் கரையும் பாலி எஸ் சாயத்தையும் அதே நிறுவனம் விற்க நேர்ந்தது. 2013ல் ஃப்ளோக்வில் வரிசை நிறுத்தப்பட்டது.

வேலை நடக்கும் முறையை அருகிருந்து பார்த்தால் அதில் ஒரு கண்டிப்பான வரிசை தெரியும். முதலில், பக்கத் தண்டவாளத்தை ஒட்டியும் விலகியும் ரயிலைத் திருப்பிவிடும் பாயின்ட் நாக்குகளின் உட்புறம் ஒட்டுத்தாளால் மூடப்படும். அந்த நாக்கு தொடுகையால் மின்சாரம் பெறுவதால், அங்கே ஒரு துளி சாயம் படிந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். பிறகு காற்றழுத்தத்தால் சாயத்தைப் பனிப்படலமாகத் தெளிக்கும் ஏர்பிரஷ் கொண்டு, பாதை முழுவதும் ஒரே பழுப்பு பரப்பப்படும். ஏர்பிரஷ் இல்லாதவர் தட்டைத் தூரிகையைத் தண்டவாளத்தின் இடைப்பகுதியில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பர், ஆணித்தலைகளின் அடியில் தூரிகை நுழையாமல் விட்ட இடங்களை இரண்டாம் முறை நிரப்புவர். சாயம் உலர்ந்து இறுகுவதற்குள், துணி சுற்றிய மரக்கட்டையால் தலைப்பரப்பு துடைக்கப்பட வேண்டும். அரை மணி தாமதித்தால் துடைப்பது சுரண்டுவதாகிவிடும். அதன்பின் கட்டைகள் ஒவ்வொன்றாக நிறம் மாற்றப்படும், கடைசியாக ஆல்கஹாலில் சில துளி இந்தியன் மை கலந்த நீர்த்த கரைசல் பாய்ச்சப்படும். அது மரப்பிளவுகளில் தங்கி, மேற்பரப்பைவிட்டு வழிந்து, பிளவை ஆழமாக்கிக் காட்டும்.

ஜல்லி பரப்பியபின் நிறம் மறுபடி கெடுகிறது என்பதைத் தொடக்கக்காரர்கள் பின்னரே உணர்கின்றனர். தண்ணீரில் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுக் குழாயால் விட்டு ஜல்லியை இறுக்குவது பொது வழக்கம். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி சேர்த்தால் பசை கற்களின்மேல் முத்தாக நிற்காமல் உள்ளிறங்கும். 1975ல் தொடங்கிய உட்லண்ட் சீனிக்ஸ் விற்கும் ஜல்லி, வால்நட் ஓட்டை நொறுக்கிச் சாயமேற்றியது; எடை குறைவானதால் பசையில் மிதந்து கட்டைமேல் ஏறிக்கொள்ளும். உண்மைக் கல்லை அரைத்த தூள் அப்படி மிதப்பதில்லை, ஆனால் பசைபட்டு நிறம் கருக்கும். எதைப் பயன்படுத்தினாலும் கட்டை, தண்டவாளம், கல் மூன்றையும் மீண்டும் ஒன்றிணைக்க வெளிறிய தூசி நிறத்தின் மெல்லிய தெளிப்பு ஒன்று கடைசியாகத் தேவைப்படுகிறது. தனித்தனியே சரியான நிறங்களாயினும் அந்தத் தெளிப்பு இல்லாத பாதை மூன்று கடைகளிலிருந்து வாங்கியது போலவே நிற்கும். ஜான் ஆலன் வலியுறுத்திய ஒரே வயது என்னும் விதி இங்கேதான் கைக்கு எட்டுகிறது.

பிரிட்டனில் இந்த அறிவை நூலாக ஒழுங்குபடுத்தியவர் மார்ட்டின் வெல்ச். மூப்பேற்றல் கலை பற்றிய அவருடைய நூல் 1993ல் வைல்டு ஸ்வான் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. கூர்ந்து பார்ப்பது முதலில், சாயம் பிறகு என்ற அதன் அணுகுமுறை, குப்பியின் பெயரை நம்பி நிறம் தேர்ந்தவர்களுக்குப் பெரிய திருத்தமாக அமைந்தது. அதே காலத்தில் ஓவியர்களின் சுண்ணத் தூள்களும், போர்வாகன மாதிரி செய்வோரின் நிறத்தூள்களும் ரயில் மேசைக்கு வந்தன. சாயத்தால் இயலாத உலர்ந்த, தொட்டால் கையில் ஒட்டுவது போன்ற துருவை அவை தந்தன. மைக்ரோ எஞ்சினியரிங் போன்ற உற்பத்தியாளர்கள், தண்டவாளத்தை வேதிப்பொருளில் கருக்கி விற்றனர். இது வேலையைக் குறைத்தது உண்மை; ஆனால் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே கருமை என்பது, மேலே சொன்ன கட்டை, கல், பிரேக் தூள் பற்றிய அறிவையெல்லாம் கைவிடுவது என்பதால், அதன்மேல் கைவேலை தொடர வேண்டியே இருந்தது.

மின்சாரத்தோடான பழைய பிணக்கு 1990களில் புதிய வடிவில் திரும்பியது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறு கணினிச் சில்லு வைத்து, தண்டவாளம் வழியாகவே மின்சாரத்தையும் கட்டளையையும் அனுப்பும் எண்முறைக் கட்டுப்பாடு தரப்படுத்தப்பட்டபோது, தலைப்பரப்பிலுள்ள நுண்ணிய அழுக்கும் பெருங்குறையாயிற்று; முன்பு நொடிப்பொழுது தயங்கி ஓடிய எஞ்சின், இப்போது கட்டளையை மறந்து நின்றது, ஒலி எழுப்பும் சில்லு பொருத்தியதோ பாதி மூச்சில் ஊமையானது. இதற்கான விடை எஞ்சினுக்குள்ளிருந்தே வந்தது. சில நொடிகளுக்கு மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் மின்தேக்கிகள் முதலில் சேர்ந்தன. பிறகு எஞ்சினிலோ அதன் பின்னுள்ள பெட்டியிலோ பேட்டரி வைத்து வானொலி அலையால் இயக்கும் முறை, முதலில் பெரிய அளவு தோட்ட ரயில்களிலும் அடுத்துச் சிறிய அளவுகளிலும் இடம்பிடித்தது. பேட்டரியில் ஓடும் எஞ்சினுக்குத் தண்டவாளம் வெறும் பாதையே. அதில் மின்சாரம் இல்லை. ஆகவே நூறாண்டுகளாகத் துடைத்துத் துடைத்து மின்ன வைக்க வேண்டியிருந்த தலைப்பரப்பும் இப்போது தூரிகைக்குத் திறந்துவிட்டது: வாரம் ஒரு பெட்டி மட்டும் வரும் கிடங்குப் பாதையின் தலையில் மெல்லிய துருவைப் பூசலாம், முதன்மைப் பாதையைச் சக்கரங்களே தேய்த்து மெருகிட விடலாம், எந்தப் பாதையில் எவ்வளவு ரயில் ஓடுகிறது என்பதை அந்த மாதிரியின் ஓட்டமே பாதையில் எழுதிக்கொள்ளும்.